அரச வீதியை நடுவில் தொடங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பயண இணைப்பில் போலந்தின் கிராகோவ் நகரத்து அரச வீதியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். அந்த ஊரைப் பற்றித் தமிழில் ஒரு முழுப்பக்கம் வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையை நம்பி நடப்பவர் வீதியில் பாதியைத்தான் பார்ப்பார். பெரிய சதுக்கத்தில் தொடங்கி, வாவெல் குன்றுக்குப் போய்விட்டு, நேரம் மிஞ்சினால் கோட்டை வாசலையும் எட்டிப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். தேர் நிலையிலிருந்து கிளம்பித்தான் வீதிக்கு வரும். நடுவீதியில் ஏறிக்கொண்டு தேரோட்டம் பார்த்தேன் என்று சொல்வதில்லை.

முதலில் அந்தப் படம். பக்கத்தின் உச்சியில் போட்டிருப்பது கிராகோவே அல்ல. உயரமான தூணின் மேல் கையில் சிலுவையோடு நிற்பவர் அரசர் மூன்றாம் சிகிஸ்முந்து. 1644-ல் நிறுவிய அந்தத் தூண் இருப்பது தலைநகர் வார்சாவில். அரசவையைக் கிராகோவிலிருந்து வார்சாவுக்குக் கொண்டுபோனவர் இவர்தான் என்பதால், கிராகோவ் கட்டுரைக்கு இவர் படத்தை வைத்ததைக் கிராகோவ்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்களா, சண்டைக்கு வருவார்களா தெரியாது. குழப்பம் நேர்ந்த காரணம் புரிகிறது. போலந்தில் அரச வீதி என்ற பெயரில் மூன்று இருக்கின்றன. வார்சாவில் இருப்பது கோட்டைச் சதுக்கத்திலிருந்து விலானூஃப் அரண்மனை வரை நீளும் பத்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை. கடற்கரை நகரமான க்தான்ஸ்க்கில் இருப்பது ஒரு தெருவும் அதன் முனையில் ஒரு சந்தைத் தெருவும். மூன்றாவதுதான் கிராகோவில் இருப்பது. தேடும்போது ஊர்ப்பெயரையும் சேர்த்துத் தேடாவிட்டால் மூன்றும் கலந்துதான் வரும்.

கிராகோவ் வீதி ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் அரை மணி, நின்று பார்த்தால் ஒரு முழு நாள். வடக்கே க்ளெபாஷ் பகுதியில் புனித ஃப்ளோரியன் தேவாலயம், பிறகு பார்பக்கான் என்ற வட்டக் கோட்டை, ஃப்ளோரியன் வாசல், ஃப்ளோரியான்ஸ்கா தெரு, பெரிய சதுக்கம், க்ரோட்ஸ்கா தெரு, கனோனிச்சா தெரு, கடைசியில் தெற்கே வாவெல் குன்று. இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1320-ல் வாவெல் பேராலயத்தில் வொகியெதெக் முடிசூடியதிலிருந்து 1734 வரை போலந்து அரசர்கள் மிகப் பெரும்பாலும் அங்கேதான் முடிசூடினார்கள். 1596-க்குப் பிறகு அரசவை மெல்ல மெல்ல வார்சாவுக்குப் போனது. ஆனால் முடிசூட்டும் அடக்கமும் கிராகோவிலேயே தங்கின. ஆகவே அரசர் இந்த ஊருக்கு வெளியிலிருந்து, வடக்கிலிருந்து வருபவரானார். இறந்த அரசரை அடக்கம் செய்துவிட்டுத்தான் புதியவருக்கு முடி. 1734 ஜனவரியில் இரண்டும் சில நாள் இடைவெளியில் இதே வீதியில் நடந்தன. மகுடம் போன வழிதான் சவப்பெட்டி போன வழியும். தெற்கிலிருந்து நடப்பவருக்கு இது எதுவும் புரிய வாய்ப்பில்லை.

பலரும் சதுக்கத்தில் தொடங்கக் காரணம் சோம்பல் அல்ல. குதிரை வண்டிகள் அங்கே நிற்கின்றன, விடுதிகள் அங்கே, எல்லாச் சுற்றுலா வரைபடங்களின் நடுவிலும் அதுதான். ஆனால் மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஃப்ளோரியன் தேவாலயத்துக்குப் பத்து நிமிட நடைதான். ரயிலில் வருபவர் அதைத் தாண்டிச் சதுக்கத்துக்குப் போய், பிறகு திரும்பி வருவது வீண் அலைச்சல்.

தொடங்குமுன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குறுக்குக்கோடு போட்ட எல் எழுத்தைப் போலந்து மொழியில் வகரமாகச் சொல்வார்கள். அதனால் நாணயத்தின் பெயர் ஸ்வோட்டி; கட்டுரையில் இருப்பதுபோல ஸ்லோட்டி அல்ல. ஊர்க்காரர் வாயில் கிராகோவும் கிராகூஃப் என்றுதான் ஒலிக்கும். தெருப்பலகையில் உலிட்சா என்றால் தெரு, ப்ளாட்ஸ் என்றால் சதுக்கம். இவ்வளவு தெரிந்தால் வழி கேட்கலாம்.

ஃப்ளோரியன் தேவாலயத்தைக் காலை ஒன்பதரைக்குப் பார்க்கத் தொடங்குவது நல்லது. இன்றைய கட்டடம் பலமுறை எரிந்து, இடிந்து, திருத்திக் கட்டியது. முகப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் வீதியின் கதை முழுவதும் இங்கே தொடங்குகிறது. 1184-ல் ரோமப் போர்வீரரான புனித ஃப்ளோரியனின் எச்சங்களை இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வண்டி இந்த இடத்தில் நின்றுவிட்டது, கோயில் கட்டுவதாக வாக்குக் கொடுத்த பிறகே நகர்ந்தது என்பது ஐதீகம். 1528 தீயில் க்ளெபாஷ் முழுக்க எரிந்தும் இந்தக் கோயில் தப்பியதாகச் சொல்வார்கள். அதிலிருந்து நெருப்பிலிருந்து காப்பவர் என்று ஃப்ளோரியனைக் கும்பிடுவது இந்த ஊரில் ஊன்றிப்போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு இடத்தில் உதவும். பின்னாளில் போப்பான கரோல் வொய்த்திவா 1949 முதல் 1951 வரை உதவிப் பங்குத்தந்தையாக இருந்ததும் இங்கேதான்.

எதிரே மாத்தெய்க்கோ சதுக்கம். நடுவில் க்ருன்வால்ட் நினைவுச்சின்னம். 1410 போரின் 500-ஆம் ஆண்டுக்காக 1910-ல் பியானோ மேதை பதெரெவ்ஸ்கி தம் பணத்தில் நிறுவியது. ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின் தொடக்கத்திலேயே இடித்தார்கள். 1976-ல் திரும்ப எழுப்பினார்கள். ஐந்து நிமிடம் போதும்.

பார்பக்கானில் அவசரப்படக் கூடாது. 1497-ல் புக்கோவினாவில் போலந்துப் படை தோற்றது. அடுத்து உதுமானியர் வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் 1498, 1499 ஆண்டுகளில் அவசரமாகக் கட்டிய செங்கல் வட்டம் இது. உள்விட்டம் 24.4 மீட்டர். சுவர் அடியில் மூன்று மீட்டருக்கும் மேல் தடிமன். மேலே ஏழு சிறு கோபுரங்கள், சுவரில் 130 துளைகள். நகரத்தின் மற்றப் பக்கங்களில் ஆறும் சதுப்பும் காவல் காத்தன. வடக்கு மட்டும் வெட்டவெளி. அதனால்தான் இவ்வளவு கனம் இங்கே மட்டும். வெளிவாசலும் நகர வாசலும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதை நின்று கவனியுங்கள். பாய்ந்து வரும் குதிரைப்படை நேரே உள்ளே போக முடியாது. திரும்பியாக வேண்டும், திரும்பும்போது வேகம் குறையும், குறைந்த இடத்தில் மேலிருந்து அம்பும் குண்டும் விழும். பார்பக்கானையும் வாசலையும் ஒரு காலத்தில் கூரையிட்ட ஒரு நடை இணைத்திருந்தது. 'கழுத்து' என்று அதற்குப் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் அதை இடித்தபோது கழுத்து போய்த் தலை தனியே நின்றுவிட்டது. இன்று பார்பக்கான் புல்வெளியில் தொடர்பில்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிவது இதனால்தான். உள்ளே போய்ப் பார்க்கக் கோடைப் பருவத்தில் மட்டுமே அனுமதி, ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. குளிர்காலத்தில் வெளியிலிருந்து சுற்றிப் பார்ப்பதோடு சரி. கட்டுரையில் இதைச் சொல்லாதது குறை.

ஃப்ளோரியன் வாசலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் பத்தடி போய்த் திரும்பி நின்று மேலே பாருங்கள். வெளிப்பக்கம் இருப்பது அரசின் கழுகு, ஓவியர் மாத்தெய்க்கோ வரைந்த மாதிரியில் 19-ஆம் நூற்றாண்டில் செதுக்கியது. உள்பக்கம், ஊரைப் பார்த்தபடி, ஃப்ளோரியன் வாளியிலிருந்து எரியும் வீட்டின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். வருபவருக்கு அரசு தெரிகிறது, குடியிருப்பவருக்குத் தீயணைப்பவர் தெரிகிறார். தெற்கிலிருந்து வருபவர் கண்ணில் முதலில் படுவது தண்ணீர் வாளி. இந்த வாசல் என்ன சொல்லி வரவேற்றது என்று அவருக்குப் பிடிபடாது.

வாசலை ஒட்டி இருபுறமும் மிஞ்சியிருக்கும் மதில் துண்டும் மூன்று கோபுரங்களும் தற்செயலாகத் தப்பியவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதில்களை இடித்துத் தள்ளியபோது பேராசிரியர் ஃபெலிக்ஸ் ரத்வான்ஸ்கி இந்தப் பகுதியையாவது விடுங்கள் என்று வாதாடிக் காப்பாற்றினார். இதை இடித்தால் வடகாற்று நேரே சதுக்கத்துக்குள் புகுந்து ஊருக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று அவர் சொன்னதாக இன்றும் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். இடித்த மதிலின் இடத்தில்தான் ப்ளான்ட்டி என்ற பூங்கா வந்தது. பழைய நகரைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் மரநிழல். போகும்போது அரச வீதி, திரும்பும்போது ப்ளான்ட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரே கற்பாவுதளத்தில் இரண்டு முறை கால் வலிக்க வேண்டாம்.

வாசலுக்குப் பக்கத்திலேயே சார்த்தொரிஸ்கி அருங்காட்சியகம். லியனார்டோ டா வின்சியின் 'கீரியோடு இருக்கும் பெண்' அங்கே இருக்கிறது. (கீரி என்று கட்டுரையில் போட்டிருந்தாலும் அது எர்மின் என்ற வெண்மயிர்ப் பிராணி, கீரி வேறு குடும்பம்.) நல்ல இடம்தான், ஆனால் அதை இந்த நாளில் சேர்க்காதீர்கள். உள்ளே போனால் இரண்டு மணி நேரம் போய்விடும், பிறகு 11.50 தவறிவிடும். 11.50 என்ன என்று கீழே சொல்கிறோம். அது தேசிய அருங்காட்சியகத்தின் கிளை என்பதால் திங்கட்கிழமை மூடியிருக்கும். மாத்தெய்க்கோ இல்லமும் அப்படியே. திங்களன்று போனால் வீதியின் பல கதவுகள் அடைத்திருக்கும். கட்டுரையாளர் தம் மாதிரித் திட்டத்தைத் திங்களில் போட்டிருப்பது வாசகர்களுக்குப் பெரிய இடைஞ்சல்.

ஃப்ளோரியான்ஸ்கா தெருவைப் பற்றிக் கட்டுரை அரைப் பத்தி புகழ்ந்திருக்கிறது. தரைத்தளம் முழுக்கக் கடைகள், தலை நிமிர்ந்து மாடிகளைப் பார்த்தால்தான் பழைய வீடுகள் தெரியும். 41-ஆம் எண்ணில் 1838-ல் மாத்தெய்க்கோ பிறந்தார். 1893-ல் இறந்ததும் அங்கேயே. 45-ஆம் எண்ணில் 1895-ல் தொடங்கிய ஒரு காபிக்கடை, ஓவியர்களும் கவிஞர்களும் கூடி நையாண்டி நாடகம் போட்ட இடம். மற்றபடி இந்தத் தெருவில் கவனிக்க வேண்டியது பணம் மாற்றும் கடைகளைத்தான். 'கான்ட்டோர்' என்று பலகை இருக்கும். வெளியே பெரிதாக எழுதியிருக்கும் விகிதம் பல நேரம் அவர்கள் விற்கும் விகிதம். யூரோவையோ டாலரையோ கொடுத்து ஸ்வோட்டி வாங்குபவர் பார்க்க வேண்டியது 'ஸ்குப்' என்ற வரிசை, அதாவது அவர்கள் வாங்கும் விலை. 'ஸ்ப்ஷெடாஷ்' விற்கும் விலை. இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். உண்மையில் பணத்தேவையே குறைவு. பெரும்பாலான இடங்களில் அட்டை செல்லும். கழிப்பறைக்கும் வண்டிக்காரரிடம் ஒப்வஜானெக் வாங்கவும் சில்லறை இருந்தால் போதும். ஒப்வஜானெக் என்பது முறுக்கிய மாவை வளையமாக்கி, முதலில் வெந்நீரில் போட்டு எடுத்து, பிறகு சுட்டது. காலையில் வாங்குங்கள். சாயங்காலத்துக்குள் வறண்டுவிடும், அதைத் தின்றுவிட்டு ரொட்டி நன்றாக இல்லை என்று எழுதக் கூடாது.

இப்போது 11.50. தெரு முடியும் இடத்தில் புனித மரியாள் பேராலயம் சாய்கோணத்தில் நிற்கும். கோபுரங்களில் ஒன்று 82 மீட்டர், மற்றது 69. உள்ளே வித் ஸ்ட்வோஷ் என்று போலந்தில் அழைக்கும் நூரன்பெர்க் சிற்பி 1477 முதல் 1489 வரை செதுக்கிய மரப்பீடம். ஏறத்தாழ 13 மீட்டர் உயரம், 11 மீட்டர் அகலம். உருவங்கள் இலிண்டன் மரம், சட்டம் ஓக் மரம். பெரிய அப்போஸ்தலர்கள் ஆள் உயரத்தைவிடப் பெரியவர்கள். பீடத்துக்குக் கதவுகள் உண்டு. மூடியிருக்கும்போது பன்னிரண்டு புடைப்புக் காட்சிகள் தெரியும். திறந்தால் ஆறு காட்சிகளும் நடுவில் மரியாள் முழங்கால் மடங்கிக் கண்மூடும் பெருங்காட்சியும். ஞாயிறும் திருநாளும் தவிர்த்து 11.50-க்கு இதைத் திறப்பார்கள். கட்டுரையாளர் 'நண்பகலில் போனால் திறந்திருக்கும்' என்கிறார். திறந்திருக்கும், உண்மை. ஆனால் மூடிய நிலையை அவர் பார்த்திருக்க மாட்டார். பார்வையாளரை 11.30-க்கு விடுவார்கள். அப்போதே உள்ளே போய், மூடிய பன்னிரண்டையும் இருபது நிமிடம் பார்த்துவிட்டு, திறக்கும்போது முன்வரிசையில் நிற்க வேண்டும். நீலக் கூரைக்கடியில் அந்தத் தங்கம் மெல்ல விரிவதற்காகத்தான் காலையிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து நடப்பது.

நுழையும் இடத்திலும் தவறுகிறார்கள். சதுக்கத்தைப் பார்த்த பெரிய கதவு பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு. சுற்றுலாப் பயணிகள் போக வேண்டியது பக்கவாட்டுக் கதவு. சீட்டு அதற்கு எதிரே தனி அலுவலகத்தில். கோடையில் அங்கே வரிசை நீளும், 11.10-க்கே நின்றுவிடுவது நல்லது. ஞாயிறு காலை பூசை என்பதால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகுதான் அனுமதி.

பேராலயக் கோபுரத்திலிருந்து ஊதும் நண்பகல் எக்காளத்தைக் கேட்க உள்ளிருந்து வெளியே ஓடி வர வேண்டியதில்லை; ஒரு மணிக்கும் அதே ஊதல்தான். இரவும் பகலும் ஒவ்வொரு மணிக்கும் உயர்ந்த கோபுரத்தின் நான்கு சன்னல் வழியாக ஊதுவார்கள். வாவெல் பக்கம் அரசருக்கு, சதுக்கத்தின் பக்கம் நகர மன்றத்துக்கு, ஃப்ளோரியன் வாசல் பக்கம் விருந்தினருக்கு, கடைசியாகத் தீயணைப்பு நிலையத்தின் பக்கம் என்று ஊரில் கணக்கு சொல்வார்கள். ஊதுபவர்கள் அரசுத் தீயணைப்புப் படையினர். நெருப்பைக் கண்டால் அறிவிப்பது பழைய காவலரின் வேலை. ஃப்ளோரியன் இங்கே இரண்டாவது முறை எட்டிப் பார்க்கிறார். ஊதி முடித்ததும் சன்னலிலிருந்து கையசைப்பார்கள். கீழிருந்து நீங்களும் அசைக்கலாம். பண் பாதியில் சட்டென நின்றுவிடும். 1241-ல் தாத்தாரியர் அம்பு காவலரின் தொண்டையில் பாய்ந்ததால் என்று கட்டுரை வரலாறாகவே எழுதியிருக்கிறது. எக்காளம் ஊதியதற்கான பழைய குறிப்பு 1392-ல்தான் வருகிறது. அம்புக் கதை பரவியது 20-ஆம் நூற்றாண்டில். கதை அழகானது, கதை என்று சொல்லிவிட்டுச் சொல்லலாமே. நண்பகல் ஊதலை 1927 முதல் போலந்து வானொலி ஒலிபரப்புகிறது என்பது மட்டும் வரலாறு.

பேராலயம் ஏன் சாய்ந்து நிற்கிறது? 1257-ல் கோமகன் போலெஸ்வாஃப் மக்டெபர்க் சட்டம் என்ற ஜெர்மானிய நகரச் சட்டப்படி ஊரைப் புதிதாக அளந்து போட்டார். நடுவில் பக்கத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர் சதுரம், அதிலிருந்து நேர்கோட்டுத் தெருக்கள். ஆனால் இந்த ஆலயம் அதற்கு முன்பே இருந்தது, கிழக்கு நோக்கி. அதே காரணத்தால் தெற்கு மூலையில் க்ரோட்ஸ்கா தெருவும் கோணலாகக் கிளம்புகிறது. அது சதுரத்துக்கு முந்திய பழைய வழி. நிலஅளவைக்காரர் கயிறு பிடித்தும் இந்த இரண்டை மட்டும் நேராக்க முடியவில்லை.

சதுக்கத்தில் துணிச்சந்தைக் கட்டடமான சுக்கியென்னிட்செயை எல்லோரும் படம் எடுப்பார்கள். அதைவிடத் தெற்கு மூலையில் இருக்கும் புனித வொய்ச்சியெஹ் சிறு கோயிலிடம் பத்து நிமிடம் செலவழியுங்கள். சதுக்கத்தைவிடப் பழையது. அதன் தென்புறத்தில் ரோமனெஸ்க் என்ற இடைக்காலப் பாணியில் அமைந்த பழைய வாசல் இன்றைய தளத்துக்குக் கீழே, பள்ளத்தில் தெரியும். கோயில் இறங்கவில்லை, நூற்றாண்டுகளாக மண்ணும் குப்பையும் புதுப்புதுக் கற்பாவும் சேர்ந்து சதுக்கம்தான் ஏறிவிட்டது. இந்த ஒரு பள்ளத்தைப் பார்த்தவருக்கு, அடியில் 2010-ல் திறந்த நிலத்தடி அருங்காட்சியகம் எதைக் காட்டுகிறது என்று விளக்க வேண்டாம். அதற்கு நேரம் குறித்த சீட்டு. இதே நாளில் திணிக்காமல் மறுநாள் வைத்துக்கொள்ளலாம். 70 மீட்டர் நகரமன்றக் கோபுரம் 1703 புயலில் அரை மீட்டர் அளவுக்குச் சாய்ந்தது. மன்றத்தை 1820-ல் இடித்துவிட்டுக் கோபுரத்தை மட்டும் விட்டார்கள். தரையில் பதித்த இரண்டு கற்களைத் தேடுங்கள்: 1525-ல் பிரஷ்யக் கோமகன் போலந்து அரசர் முன் மண்டியிட்டதற்கு ஒன்று, 1794 மார்ச் 24-ல் விடுதலை எழுச்சியின் தலைவர் கொஷ்ச்யூஷ்கோ உறுதிமொழி எடுத்ததற்கு இன்னொன்று. மேலே மேசை போட்டிருந்தால் தெரியாது.

க்ரோட்ஸ்காவில் நடக்கும்போது இடப்பக்கம் தொமினிக்கன், வலப்பக்கம் பிரான்சிஸ்கன் ஆலயங்கள். 1850 பெருந்தீயில் இரண்டும் எரிந்தன, தெருவும் எரிந்தது. ஃப்ளோரியன் அன்று கைவிட்டுவிட்டார் போலும். ஆனால் எரிந்த சுவர் காலியாக இருந்ததால்தான் பிரான்சிஸ்கன் ஆலயத்தில் ஓவியர் விஸ்பியான்ஸ்கியின் சுவரோவியங்களும், மேற்குச் சன்னலில் கைநீட்டிப் படைக்கும் இறைவனின் வண்ணக்கண்ணாடியும் வந்தன. அது மேற்குச் சன்னல். பிற்பகல் வெயிலில் பார்க்க வேண்டும், காலையில் பார்த்தால் மங்கலாக இருக்கும். வடக்கிலிருந்து நடந்து வருபவர் சரியாகப் பிற்பகலில்தான் இங்கே சேர்வார்.

இன்னும் கொஞ்சம் போனால் பேதுரு, பவுல் ஆலயம். வேலியின் மேல் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். இப்போது நிற்பவை நகல்கள். சுண்ணாம்புக்கல்லால் ஆன மூலச் சிலைகளைப் புகையும் அமில மழையும் தின்றுவிட்டன. கிராகோவ் ஒரு பள்ளத்தில் இருக்கும் ஊர், குளிர்காலத்தில் காற்று அசையாது, புகை தேங்கும். 2019 செப்டம்பர் 1 முதல் ஊருக்குள் நிலக்கரியும் விறகும் எரிக்கத் தடை. போலந்தில் இப்படிச் செய்த முதல் ஊர் இது. பக்கத்திலேயே 11-ஆம் நூற்றாண்டு இறுதியின் புனித அந்திரேயா ஆலயம். கீழ்ப்பகுதியில் சன்னலுக்குப் பதில் அம்பெய்யும் வெட்டுகள். 1241-ல் ஊர் எரிந்தபோது உள்ளே அடைக்கலம் புகுந்தவர்கள் தப்பினார்கள். உள்ளே போனால் பரோக் பூச்சு வேலை, வெளியே கோட்டை.

இங்கிருந்து க்ரோட்ஸ்காவிலேயே போனாலும் வாவெல் வரும். ஆனால் எதிரேயுள்ள சிறு சதுக்கத்தைக் கடந்து கனோனிச்சா தெருவுக்குள் திரும்புங்கள். வாவெல் பேராலயக் குருமாரின் வீடுகள், கூட்டம் பாதி, கடை இல்லை. 25-ஆம் எண் வரலாற்றாசிரியர் யான் த்வுகோஷின் வீடு. தெரு மெல்ல வளைவதால் குன்று கடைசி வரை முழுதாகத் தெரியாது. முடியும் இடத்தில் சட்டென்று நிற்கும்.

குன்றேறும் சரிவில் இடப்புறச் செங்கல் சுவரில் பெயர்கள் பொறித்த கற்கள் இருக்கும். 1920-களில் அரண்மனையைச் சீரமைக்கப் பணம் கொடுத்தவர்கள். மேலே போனதும் எல்லோரும் செய்யும் தவறு, அப்போதுதான் சீட்டு வாங்கப் போவது. அரண்மனை அறைகளுக்குத் தனித்தனிச் சீட்டு, ஒவ்வொன்றிலும் நுழையும் நேரம் அச்சிட்டிருக்கும், கோடையில் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். 2.30 அல்லது 3 மணிக்கு முன்பே பதிவு செய்துவிட்டுத்தான் காலையில் கிளம்ப வேண்டும். பேராலயம் தனி நிர்வாகம், தனிச் சீட்டு. 'ஒரே சீட்டில் எல்லாம்' என்று கட்டுரை சொல்வது தவறு. பணம் கொடுக்காமலே பார்க்கக்கூடியது வளைவுத் தாழ்வாரங்களுள்ள முற்றம். மூன்றாம் அடுக்குத் தூண்கள் மற்றவற்றைப்போல் ஏறக்குறைய இரட்டை நீளம். நடுவில் ஒரு வளையம் போட்டு அந்த நீளத்தை மறைத்திருக்கிறார்கள்.

அறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தூதர் மண்டபம் இருக்கும் பிரிவை எடுங்கள். கூரைச் சதுரங்களில் மரத்தலைகள். முதலில் 194 இருந்தன, இன்று 30. அரசர் சிகிஸ்முந்து அவுகுஸ்து வாங்கிய பின்னல் திரைகளில் நூற்று முப்பதுக்கு மேல் மிஞ்சியுள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது கனடா வரை போய் 1961-ல் திரும்பியவை. மகுடத்தைத் தேடாதீர்கள். 1795-ல் பிரஷ்யர்கள் கருவூலத்தைக் கொள்ளையிட்டார்கள், மகுடங்களைப் பிறகு உருக்கிவிட்டார்கள். முடிசூட்டு வாளான ஷ்ச்செர்பியெட்ஸ் மட்டும் பல கை மாறி வந்து சேர்ந்திருக்கிறது.

பேராலயத்தின் தென்புறத்தில் அடுத்தடுத்து ஒரே வடிவில் இரண்டு குவிமாடங்கள். தங்க ஓடு வேய்ந்தது இத்தாலியக் கட்டடக் கலைஞர் பெரெச்சி அரசர் முதலாம் சிகிஸ்முந்துக்காகக் கட்டிய சிகிஸ்முந்து சிற்றாலயம், 1533-ல் முடிந்தது. மற்றது ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாசா வம்சத்தார் அதைப் பார்த்து எழுப்பியது. மணிக்கோபுரத்தின் மரப்படிகள் குறுகல், மேல் விட்டங்களில் தலை இடிக்கும், முதுகுப்பையோடு ஏற முடியாது. 1520-ல் வார்த்த சிகிஸ்முந்து மணியை அசைக்கப் பன்னிரண்டு பேர் வேண்டும். பெருநாள்களில் மட்டுமே ஒலிக்கும். 2000 இறுதியில் அதன் நாக்கு முறிந்து, 2001-ல் புதியது மாட்டினார்கள். ஞாயிறு காலை பேராலயத்தில் பயணிகளுக்கு அனுமதி இல்லை.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிராகன் குகையைக் கட்டுரை 'முதலில் பார்த்துவிடுங்கள்' என்கிறது. அது ஒருவழிப் பாதை. மேலே நுழைந்து 135 படி இறங்கினால் விஸ்துலா ஆற்றங்கரையில், நெருப்புக் கக்கும் வெண்கல டிராகன் பக்கத்தில் வெளியே வருவீர்கள். திரும்ப அந்த வழியே ஏற முடியாது. குன்றைச் சுற்றி வந்து முதலிலிருந்து சரிவு ஏற வேண்டும். அதற்குள் மூன்று மணிச் சீட்டு காலாவதியாகியிருக்கும். எல்லாம் முடித்த பிறகு, வெளியேறும் வழியாக அதை வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் குகையும் மூடியிருக்கும். டிசம்பரில் மாலை மூன்றே முக்கால் வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும் என்பதால், அப்போது போகிறவர் நடையைக் காலை ஒன்பதுக்கே தொடங்கிப் பிரான்சிஸ்கன் கண்ணாடிச் சன்னலை ஒன்றரைக்குள் பார்த்துவிட வேண்டும். மழையில் கற்பாவுதளம் வழுக்கும், வழவழப்பான அடிப்பாகமுள்ள செருப்பு உதவாது. சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்குச் சதுக்கமும் க்ரோட்ஸ்காவும் பெரும்பாலும் சமதளம். மணிக்கோபுரமும் குகையும் இயலாது.

இதே கட்டுரையை உங்கள் இணையப் பதிப்பிலும் பார்த்தோம். அங்கே வார்சாத் தூணின் படத்தையும், திங்கட்கிழமைத் திட்டத்தையும், 'ஒரே சீட்டில் எல்லாம்' என்ற வரியையும் உடனே திருத்திவிடுங்கள். பயணச்சீட்டு எடுத்துவிட்ட வாசகர்கள் அதைத்தான் அச்செடுத்துக்கொண்டு போவார்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்